வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்

"ஒரு கை விளங்காத மனுஷன்கிட்ட ஓசியில வேலை வாங்குறானே, அவனெல்லாம் நல்லா இருப்பானா?"

மகள் மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் ணங்கென்று மேஜைமேல் வைத்தாள்.

அப்பா நிமிரவில்லை. எதிரே பழைய லேப்டாப். இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கதவு ஒழுங்காக மூடுகிறதா, நிற்க வேண்டிய மாடியில் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட வலது கை, பக்கவாதம் வந்ததிலிருந்து சும்மா தொங்குகிறது.

லேப்டாப்பை இயக்குவது லினக்ஸ் என்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திருத்தலாம். முகம் தெரியாத ஆட்கள் பல பேர் சேர்ந்து செய்கிற வேலை. முதலாளி என்று யாரும் கிடையாது. அதில் ஒருவன் பழைய லேப்டாப்புகளுக்கு ஏற்ற மாதிரி அதைச் சரிசெய்து தருகிறவன். வாரம் தவறாமல் அப்பாவுக்குப் புதிதாகத் திருத்திய ஒன்றை அனுப்புவான். அவர் அதைப் போட்டு ஓட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் எழுத வேண்டும்.

மகள் அவனுக்கு வைத்த பெயர் வெள்ளிக்கிழமைக்காரன்.

"இந்த வாரம் என்னவாம் துரைக்கு?"

"மூடினா தூங்குது, திறந்தா சில சமயம் முழிக்க மாட்டேங்குது. பத்துத் தடவை மூடித் திறந்து பாருங்கன்னு எழுதியிருக்கான்."

"பத்துத் தடவையா! இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

"பதினொண்ணு பார்த்தேன்," என்றார் அப்பா. லிஃப்ட் பார்த்த புத்தி எங்கே போகும்!

அன்று மதியம் சாப்பிடும்போது அவர் இடது கையிலிருந்து ஸ்பூன் நழுவிக் கீழே விழுந்தது. எல்லாம் அந்த ரிப்போர்ட்டால்தான் என்று முடிவு செய்தாள்.

அப்பா தூங்கும் நேரம் பார்த்து அவனுடைய மெயில் முகவரியைத் தேடி எடுத்தாள். தன் போனிலிருந்தே எழுதினாள். "என் அப்பாவுக்கு ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆகிறது. உங்கள் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள். இனி அவருக்கு எதையும் அனுப்பாதீர்கள்."

அதோடு விட்டாளா? சார்ஜரை எடுத்துத் தன் துணி அலமாரியில் ஒளித்து வைத்தாள். பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப் அது. சார்ஜர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாது.

"சார்ஜரைப் பார்த்தியாம்மா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்ப்பா. வர நாளாகும்."

அப்பா லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தார்.

முதல் நாள் பேப்பர் படித்தார். மறுநாள் ஷேவ் செய்துகொள்ளவில்லை. அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டே இறங்கவில்லை. நான்காம் நாள் காலை, "எனக்கு எதுவும் வேண்டாம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கவாதம் வந்த புதிதில் இப்படித்தான் கிடந்தார். "மனசு படுத்துட்டா மருந்து எழுப்பாது" என்று அப்போது டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

வேலைக்குப் போன இடத்தில் போனைப் பார்த்தாள். பதில் வந்திருந்தது.

"மன்னியுங்கள். உங்கள் அப்பாவிடம் இருக்கும் லேப்டாப் மாடலுக்குச் செய்து தருவதை நாங்கள் போன வருடமே நிறுத்திவிட்டோம். எனக்குத் தெரிந்து இன்னும் அதை ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாராவாரம் அவருக்காக மட்டும் தனியாகச் செய்து அனுப்புகிறேன். பக்கவாதம் வந்ததை அவரே எனக்கு எழுதியிருந்தார்; ரிப்போர்ட் கேட்பது அவர் எழுந்து உட்காரட்டும் என்றுதான். பத்துத் தடவை மூடித் திறக்கச் சொன்னது கைக்குப் பயிற்சியாக இருக்குமே என்றுதான். சிரமம் என்றால் நிறுத்திவிடுகிறேன். அவருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்."

இரண்டு தரம் படித்தாள். என்ன காரியம் செய்துவிட்டோம்! 'நிறுத்தாதீர்கள்' என்று பஸ்ஸில் வரும்போதே பதில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜரை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தாள். "சரியாகி வந்துடுச்சுப்பா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

அப்பா திரும்பினார். சார்ஜரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பாவம், காத்துக்கிட்டிருப்பான்," என்று சொல்லி மெல்ல எழுந்தார். முதலில் போய் ஷேவ் செய்துகொண்டார். அப்புறம்தான் லேப்டாப் எதிரே உட்கார்ந்தார்.

அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க ரிப்போர்ட்டை நம்பி நிறைய பேர் இருக்காங்க போலிருக்கேப்பா."

"ஒருத்தரும் இல்லை. இந்த மாடலைப் போன வருஷமே நிறுத்திட்டாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இவங்க எதையும் கதவைச் சாத்திக்கிட்டு முடிவு பண்ண மாட்டாங்க. யார் வேணா படிக்கிற மாதிரி நெட்டுல எழுதி வெச்சுத்தான் பண்ணுவாங்க. நானும் படிச்சேன். நான் படிப்பேன்னு அந்தப் புள்ளைக்குத்தான் தோணலை."

"அப்புறம் எதுக்குப்பா இவ்வளவு பாடு?"

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"போன வருஷம் அவனோட அப்பா படுக்கையில கிடந்தே போய்ச் சேர்ந்துட்டார். வேலை வேலைன்னு தள்ளி இருந்துட்டேன், ஒரு நாள்கூடப் பக்கத்துல உட்காரலைன்னு எனக்கு எழுதியிருந்தான். அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்துதான் எனக்குன்னு தனியா செஞ்சு அனுப்ப ஆரம்பிச்சான்."

அப்பா மறுபடி எழுத்தைத் தேடினார்.

"செய்யணும்னு துடிக்கிற புள்ளைக்கு, வாங்கிக்க ஒரு அப்பா வேணாமாம்மா?"