மாடியில மட்டும் சிக்னல் இல்லை

"ஏலே ஜோன்ஸ், நீ மாட்டினது வைஃபையா, இல்ல ஆப்பமா? இன்னைக்கும் செத்துக் கிடக்கு! மாடிக்குப் போய்ப் பாரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் முதலாளிட்ட சொல்லி உன் சீட்டைக் கிழிச்சிருவேன்!"

பிளாரன்ஸ் மேடம் போட்ட சத்தத்துல, முட்டைக்கோஸ் எடை போட்டுக்கிட்டிருந்தவன் தராசை அப்படியே விட்டுட்டான்.

துறைமுகத்துக்கு வர்ற கப்பலுக்கெல்லாம் காய்கறி, அரிசி, இறைச்சின்னு சாமான் சப்ளை பண்ணுறதுதான் எங்க மேடத்துக்குத் தொழில். கேப்டன் மெயில் அனுப்புவாரு, நாங்க லாரியில ஏத்தி அனுப்புவோம். நான் பொன்செல்வி, பில் போடுறவ. மேடத்தோட ஒரே மக ஜெஸ்லினும் என்கூட மாடியிலதான் வேலை பாக்கா.

இந்த ஜோன்ஸ்தான் ரெண்டு மாசம் முந்தி வந்து கல்லா, குடோன், கோல்டு ரூம், மாடின்னு நாலு இடத்துல வைஃபைக்கு ஆக்சஸ் பாயிண்ட் மாட்டிட்டுப் போனான். சீலிங்ல வட்டமா, வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும். மத்த மூணும் கல்லு மாதிரி நிக்கி. மாடியில உள்ளது மட்டும் அடிக்கடி படுத்துக்கிடும்.

அதுலயும் ஒரு அதிசயம் கேளுங்க. எங்க சாமான் போற கப்பல் துறைமுகத்துல நிக்கிற அன்னைக்கு அதுக்கு ஒண்ணும் ஆகாது. கப்பல் கிளம்பிட்டா மறுநாளே அவுட்!

"மாதாதான் காப்பாத்துறாவ. இல்லேன்னா ஆர்டர் போயிருக்கும்லா"ன்னு மேடம் சிலுவை அடையாளம் போட்டுக்கிடுவாவ.

அவனைப் பத்தி வேற என்ன நினைக்க? ஒண்ணு வேலை தெரியாதவன், இல்ல ஃபிராடு. நான் ஃபிராடுன்னுதான் சொன்னேன். சாயர்புரத்துல எங்க சித்தி வீட்டுக்கு வர்ற ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும் இப்படித்தான். ஒண்ணைச் சரி பண்ணிட்டு இன்னொண்ணைக் கழட்டி விட்டுட்டுப் போவான்.

ஜெஸ்லின்தான் "பாவம்க்கா, நல்ல பையன்"னு முணுமுணுப்பா. மணப்பாட்டு மாப்பிள்ளை, வீரபாண்டியன்பட்டணத்து மாப்பிள்ளை, துபாய் மாப்பிள்ளைன்னு வந்த அத்தனை பேரையும் வேண்டாம்னவளுக்கு வைஃபைக்காரன் மேல மட்டும் இரக்கம்! "மனசுல யாரையாவது வச்சிருக்கியாளா?"ன்னு மேடம் கேட்டா, "ஒண்ணுமில்லம்மா"ன்னு குனிஞ்சுக்கிடுவா.

ஜோன்ஸ் தொங்கிப்போன மூஞ்சியோட, ஏணியைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு வந்தான். மேடம் வரல. ஈஸ்டர்ல இருந்து அவங்களுக்கு முழங்கால் வலி. படியில காலே வைக்க முடியாதுன்னு கல்லாவுல இருந்தே கத்துறதோட சரி. என்ன கத்தினாலும் பின்னாலேயே அவனுக்கு டீயும் மக்ரூனும் மேல வந்துரும். "திட்டு வாங்கவும் தெம்பு வேணும்லா"ம்பாவ.

"இந்த மாசம்தான்க்கா என்னை நிரந்தரம் பண்ணுறதாச் சொல்லிருக்காவ. மேடம் போன் போட்டா எல்லாம் போச்சு. வீட்டுல அப்பாவும் கடலுக்குப் போறதில்ல"ன்னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

ஏணியில ஏறிப் பாத்தான். ஆக்சஸ் பாயிண்ட்ல ஒரு குறையும் இல்லை. வயரைப் பிடிச்சுக்கிட்டே சுவர் ஓரமாப் போய், படி பக்கத்துல இருக்கிற பீரோவுக்குப் பின்னால தலையை விட்டான்.

"யக்கா! இங்கன பாருங்க! இவ்வளவு நாளும் வயர் தானா லூஸ் ஆகுதுன்னு அமுக்கி விட்டுட்டுப் போனேன். போன தடவை டேப் போட்டு இறுக்கிச் சுத்திருந்தேன். அந்த டேப்பைப் பிரிச்சு வயரை யாரோ கழட்டிருக்காவ!"

மாடியில உக்காருறது ரெண்டே பேரு. நான் கழட்டல. அப்போ?

"ஏளா ஜெஸ்லின்... நீயா?"

அவ மூஞ்சி குப்புன்னு செவந்துட்டு. "பனிமய மாதா மேல சத்தியமா நான் இல்லக்கா!" கண்ணுல தண்ணி வேற. அப்புறம் குரல் இறங்கிப் போச்சு. "ஆனா... இது கெட்டுப் போகாதான்னு தினமும் அந்த லைட்டையே பாத்துக்கிட்டுதான் இருப்பேன்."

ஜோன்ஸ் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவர் டீ கிளாஸுக்குள்ள விழுந்துச்சு.

"நானும்தாங்க... ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிட்டு, 'ஆண்டவரே, அடுத்த வாரமும் இது படுத்துரணும்'னு ஜெபம் பண்ணிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்."

அடி ஆத்தீ! வேலை போற நேரத்துல இதுக ரெண்டுக்கும் வந்த வாழ்வைப் பாருங்க! எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அப்பதான் படியில தடதடன்னு சத்தம். மேடம்! சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கைப்பிடியைக்கூடத் தொடாம, ரெண்டு ரெண்டு படியா ஏறி வாராவ!

ஜோன்ஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம், முதலாளிட்ட மட்டும் சொல்லிராதீங்க!"

"சொல்லாம? 'ஜோன்ஸைத்தான் அனுப்பணும், அவனை மாதிரி வேலைக்காரன் தூத்துக்குடியிலயே கிடையாது'ன்னு அவருட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லுறது பின்ன யாருலே? உன்னை நிரந்தரம் பண்ணியாச்சாம். இப்பதான் போன்ல சொன்னாரு."



மேடம் "அம்மாடி"ன்னு என் நாற்காலியில உக்காந்து, காலை நீவிக்கிட்டே மகளைப் பாத்து முறைச்சாவ.

"கேட்டா 'ஒண்ணுமில்லம்மா'! கீழ படியடியில நின்னு எல்லாத்தையும் கேட்டேன். இதை முதல்லயே சொல்லித் தொலைஞ்சா என்னளா? கப்பல் இல்லாத நாளாப் பாத்து, நீங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து, இந்தப் படியேறி வயரைக் கழட்டிக் கழட்டி, பொய்யாச் சொன்ன முழங்கால் வலி இப்போ நெசமாவே வந்துட்டு!"