ஆறு விழுந்தும்

"ஆறு விழுந்திருக்கும்மா! நல்லாப் பாரு, ஆறு!"

அழகிரி போட்ட சத்தம், சாமான் எதுவும் இல்லாத அந்த மாடி ஹாலில் எதிரொலித்தது.

"பாத்தேன் சார். ஆனாலும் வீடு கிடையாது" என்ற ஆஃப்ரின், கையிலிருந்த அட்டையைப் படித்தாள். "பேரு என்ன சொன்னீங்க? சாரா பீவியா? அடடா, இப்பத்தாம்மா நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பேசி முடிச்சுட்டுப் போனான். தப்பா நெனச்சுக்காதீங்க."

அழகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளைத் திருச்சியில் சில இளைஞர்கள் சொந்தமாக உருவாக்கி வந்தார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் மன்னார்புரத்தில் அழகிரி வீட்டு மாடியில் பாய் விரித்து ஒருமுறை ஆடிப் பார்ப்பார்கள். குறையென்றால் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்காகவே தேடி வருவார்கள்.

ஆஃப்ரின் கொண்டு வந்திருந்தது வாடகை வீடு தேடும் விளையாட்டு. மறுநாள் அச்சுக்குப் போகிறது. அழகிரிக்கு வந்த வேடம் சாரா பீவி என்ற நர்ஸ்.

"இந்தப் பூவரசன் பேங்க் ஆபீசரா வந்து ரெண்டு போட்டான். உடனே சாவியைக் கொடுத்துட்டே. நான் ஊருக்கே ஊசி போடறவ. எனக்கு ஏன் கிடையாது? உறையூர்ல கேட்டேன், பொன்மலையில கேட்டேன். பேரைக் கேட்டதும் எல்லா வீட்டுக்காரனுக்கும் ஒரு சொந்தக்காரப் பையன் முளைச்சுடறான்!"

பக்கத்தில் இருந்த பூவரசன் சிரித்துவிட்டான்.

"சிரிக்காதே தம்பி. எனக்கு வயிறு எரியுது."

விளையாட்டு என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"திருத்தம் சொல்றேன், எழுதிக்கம்மா. ஆட்டம்னா ஜெயிக்க ஒரு வழி இருக்கணும். ஆறு விழுந்தா வீடு கொடுத்தே ஆகணும். அப்புறம் இந்த வீட்டுக்காரன்! மனசாட்சியே இல்லாத ஜென்மமா இருக்கான். இப்படியெல்லாம் நம்ம ஊர்ல ஒருத்தன் பேசுவானா? நம்பற மாதிரி மாத்து."

ஆஃப்ரின் பேனாவை மூடினாள்.

"ஆறு விழுந்தா வீடு, எழுதிக்கிட்டேன் சார். ஆனா வீட்டுக்காரரை மாத்த முடியாது. அது நான் எழுதின வசனம் இல்ல. சாரா பீவி எங்க அம்மா. போன மாசம் அவங்க போன்ல வீடு கேட்டப்ப ஒருத்தர் சொன்னது. மாசக் கடைசிக்குள்ள நாங்க இப்ப இருக்கற வீட்டைக் காலி பண்ணணும். இன்னும் எதுவும் அமையலை."

அழகிரியின் முகம் சிவந்தது.

"எவன் அவன்? அந்தச் சொந்தக்காரப் பையன் குடி வந்துட்டானா?"

"இல்ல சார். வீடு காலியாத்தான் கிடக்கு."

"பாத்தியா, பச்சைப் பொய்! எந்தத் தெரு, சொல்லும்மா. பூவரசா, வண்டியை எடு. அந்த ஆளை நடுத்தெருவுல நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கலைன்னா நான் மனுஷனே இல்ல!"

எழுந்து செருப்பைத் தேடினார்.

ஆஃப்ரின் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆறு காட்டிக்கொண்டு கிடந்த பகடையை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"வண்டி எதுக்கு சார்? அந்த வீட்டு ஹால்லதான் இவ்வளவு நேரமா உக்காந்து விளையாடிட்டிருக்கோம்."