இருபது வருடக் காது

டெட்ராய்ட்டின் அந்தச் சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்குள் நுழைந்ததுமே விமர்சகர் வீம்ஸ் பொரிந்து தள்ளினார்.

“ஏம்பா டெஸ்மண்ட், இதெல்லாம் ஒரு ஜாஸ் ஆல்பமா? சவ ஊர்வலம் மாதிரி நகருது! அந்த மார்லோ யாருப்பா? பாடுறானா, எருமை மாதிரி முக்குறானா? இருபது வருஷமா எழுதுறேன், இப்படி ஒரு ஆம்பளைக் குரலைக் கேட்டதே இல்ல!”

முதலாளி டெஸ்மண்ட் நாற்காலியைக் காட்டினார். காபி கொண்டுவந்து வைத்த பெண், வீம்ஸ் கையிலிருந்த இசைத்தட்டை வாங்கிப் பார்த்தாள். நடுவில் பெரிதாக ‘45’ என்று அச்சிட்டிருந்தது.

“எந்த வேகத்துல சுத்த விட்டீங்க சார்?”

“எப்பவும் போல நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்துலதான். உனக்கென்னம்மா அதப் பத்தி?”

“நான்தான் சார் மார்லோ. நாப்பத்தஞ்சுல சுத்தியிருந்தா என் குரல் கேட்டிருக்கும்” என்றாள். “இருபது வருஷமா எல்லாத்தையும் இப்படித்தான் கேட்டீங்களா?”