பாதிச் சத்தம்

“என்னை மன்னிச்சிடுங்க தம்பி.” அச்சகக்காரர் டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கைகள் ஓட்டிவந்த பால் வேனில் அடிபட்டுத்தான் அவருடைய ஒரே மகன் போன மாதம் செத்தான். எந்த அப்பனாவது இப்படிக் கேட்பானா? இவர் கேட்டார், அதுவும் கண்ணீர் விட்டுக்கொண்டு.

டிரைவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். “ஐயோ, பெரியவங்க நீங்க போய்... அஞ்சாறு தடவை ஹாரன் அடிச்சேன் சார். காதுல அதை மாட்டிக்கிட்டு நடந்து வந்தாரு. தலையைக்கூடத் திருப்பல.”

“தெரியும் தம்பி. அதை வாங்கிக் குடுத்த பாவி நான்தானே?”

‘அது’ மேஜைமேல் கிடந்தது. தட்டுபோல வட்டமான பழைய சிடி பிளேயர், ஹெட்போனோடு. வேன் மோதியபோது அது இருந்த பையனின் தோள்பை ஹெட்போனையும் இழுத்துக்கொண்டு மணல் குவியலில் போய் விழுந்ததால் அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. பாழாய்ப்போன சாமான் பிழைத்துக்கொண்டது, பெற்ற பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான்.

அன்றைக்கு முடங்கிய மனைவி இன்னும் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பிள்ளையைக் கொன்ற என்னிடம் அவளுக்கு என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது என்று அவரே நினைத்துக்கொண்டார்.

“பொறந்த நாளைக்குக் குடுத்தேன் தம்பி. அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல சாப்பாட்டு நேரமெல்லாம் உக்காந்து, நூத்தம்பது பாட்டை ஒரே டிஸ்க்குல ஏத்தினேன். எந்தப் பாட்டுடா பிடிச்சிருக்குன்னு கேட்டா, எல்லாமேப்பான்னு சிரிப்பான்.”

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சும்மாவும் குடுக்கல. பாதிச் சத்தத்துக்கு மேல வைக்காதே, காது போயிடும். ரோட்டுக்கு வந்தா இன்னும் கொறைச்சுக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவனும் கேட்டான். காதுல மாட்டியிருந்தாலும் ஒரு குரல் குடுத்தா, ‘என்னப்பா’ன்னு உடனே திரும்பிப் பாப்பான். அன்னிக்கு மட்டும் ஏன் சத்தத்தை ஏத்தினானோ!”

அன்றைக்கு மகன் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். அச்சகத்து வாசலில், ஆள் நடமாட்டமில்லாத மத்தியானத்தில், திருப்பத்தில் வந்த வேன் அடித்தது. உள்ளே அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மிஷினை நிறுத்தி வெளியே வந்தபோது ரோட்டில் சோறு சிதறிக் கிடந்தது.

“கேஸு நிக்குதேன்னு பயப்படாதீங்க தம்பி. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து, தப்பு முழுக்க எங்க பக்கம்தான்னு சொல்லிடறேன்.”

டிரைவர் அப்போதுதான் மூச்சே விட்டான். “ரொம்ப நன்றி சார். அப்ப நான் கிளம்பறேன்.”

“இருங்க.” அச்சகக்காரர் பிளேயரைத் தடவினார். “கடைசியா எந்தப் பாட்டைக் கேட்டானோ! பட்டனை அமுக்கிப் பாக்க இன்னும் தைரியம் வரல தம்பி.”

உள்ளறைக் கதவு திறந்தது. அவிழ்ந்த தலையோடு மனைவி வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே வந்து பட்டனை அமுக்கினாள்.

டிஸ்க் கொஞ்ச நேரம் சுற்றியது, நின்றது. சின்னத் திரையில் ‘நோ டிஸ்க்’ என்று எழுத்து வந்தது.

“அடிபட்டதுல உள்ளுக்குள்ள உடைஞ்சிருக்கும்” என்றார் அவர்.

“உடையல.” ஒரு மாதம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. டிஸ்கை எடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த, கடையில் வாங்கிய சிடி ஒன்றைப் போட்டு அமுக்கினாள். ஹெட்போனிலிருந்து பாட்டு மெல்லக் கசிந்தது.

அவர் வெளியே எடுத்த டிஸ்கைக் காட்டினார். “பின்ன இது?”

“இது பழைய மிஷினுங்க. கடையில விக்கிற பாட்டு டிஸ்க்கை மட்டும்தான் பாடும். நீங்க ஏத்திக் குடுத்தது கம்ப்யூட்டர் ஃபைலாம், அதை இதால படிக்கவே முடியாதாம். பொறந்த நாளன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டான்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“அப்பா சோத்தைக்கூட விட்டுட்டு உக்காந்து போட்டதும்மா, சொன்னா ஒடைஞ்சு போயிடுவாருன்னான். நீங்க பாத்து சந்தோஷப்படணும்னுதான் சும்மாவே காதுல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சான். ஒரு பாட்டுகூட அதுல கேட்டதில்லங்க எம்புள்ள.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெய்வமே! தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டதெல்லாம் வெறும் அமைதியையா?

“உங்க மனசு தாங்காதுன்னுதான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்” என்றாள். “இந்த ஆளு சொல்ற கதையை இப்பதான் என் காதால கேக்கறேன்.”

டிரைவர் சத்தமில்லாமல் எழுந்து செருப்பைத் தேடினான். அவள் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நீ ஹாரன் அடிச்சிருந்தா எம்புள்ள திரும்பிப் பாத்திருப்பான்டா!”