சிரித்தால் திறக்கும் கதவு

மெத்தைக் கம்பெனிக்காரன் எங்கள் குடியிருப்பு முழுக்க இனாமாகக் கதவு போட்டிருக்கிறான். கதவில் ஒரு திரை. அதில் ஓடும் விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்தால்தான் திறக்கும். இந்த வயதில் பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது? என் தம்பி மகனின் மனைவி பெட்டியும் கையுமாக அதன் முன்னால் நிற்கிறாள். புருஷன் வேண்டாமென்று கிளம்பிவிட்டாள். திரையில் ஒரு ஜோடி மெத்தையில் புரண்டு சிரிக்கிறது. அந்த நீல வெளிச்சம் இவள் கண்ணீரில் மினுங்குகிறது. உதட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடிக்கிறாள். "இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக," என்கிறது கதவு, தேனாக. நாற்காலியில் உட்கார்ந்து புருஷன் காலாட்டுகிறான். "எங்க போயிடுவ? ஆறு வருஷத்துல நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

"சிரிக்கிற மாதிரி நீ என்ன பண்ணுன?"

அவன் என் பக்கம் திரும்புகிறான். "பெரியப்பா, நீங்களாவது சொல்லுங்க."

சமாதானம் பேச வந்த நானும் நாலு நாளாக உள்ளேதான் கிடக்கிறேன்; எனக்கும் சிரிப்பு வரவில்லை. பல்செட்டைக் கழற்றி என் வழுக்கைத் தலையில் வைத்துக்கொள்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அழுகைக்கு நடுவே மூக்கால் பொத்துக்கொண்டு ஒரு சிரிப்பு வருகிறது. கதவு திறக்கிறது. பெட்டிச் சக்கரம் கடகடவென்று படியிறங்குகிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. அவளைப் பிடிக்க ஓடிய அவன் திரை முன்னால் நின்றுவிடுகிறான். பழைய ஜோடியைக் காணோம். விளம்பரத்தில் இப்போது ஈரக் கண்ணோடு அவளே, சற்றுமுன் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் மெத்தை. "இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக," என்கிறது கதவு அவனிடம்.