ஏறும் ஊர்

செங்குட்டுவனின் மனைவி தாரணி, உயிரோடு இருந்தவரை, ரயில்வேயைத் திட்டாமல் அந்த வண்டியில் போனதில்லை. "ரெண்டு பக்கமும் குடோன் சுவரு, நடுவுல ஆறின உப்புமா. கடலோரமா விட்டா வண்டி கரைஞ்சா போயிடும்?"

அவள் போன பிறகுதான் வண்டியைக் கடலோரமாகத் திருப்பிவிட்டார்கள். சாப்பாடும் சுடச்சுட இருக்கைக்கே வந்தது. அவன் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். ஜன்னல் அவளுக்கு.

டிக்கெட் பரிசோதகர் காலி இருக்கையைப் பார்த்தார். "மேடம் எங்க சார்?"

"வருவாங்க."

"எங்க ஏறுவாங்க?"

தாய்வீட்டிலிருந்து வந்து அவள் வழக்கமாக ஏறிக்கொள்ளும் ஊரின் பெயரை வாய் தானாகச் சொன்னது.

"அது பழைய வழியாச்சே சார். இப்ப வண்டி அங்க போறதே இல்ல."

அவர் பின்னால், ஆர்.ஏ.சி.யில் பாதி இருக்கை மட்டும் கிடைத்த ஒரு கர்ப்பிணிப் பெண் பையோடு நின்றாள். பரிசோதகர் கையிலிருந்த கருவியின் மேல் விரலை வைத்தார். "வரலன்னு போட்டா இவங்களுக்குக் குடுத்துடலாம். சொல்லுங்க, வருவாங்களா, மாட்டாங்களா?"

துக்கம் கேட்டவர்களிடமெல்லாம் 'தவறிட்டா' என்று சொல்லிப் பழகியிருந்தான். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அவரை ஏன் சார் நெருக்குறீங்க?" என்றாள் அந்தப் பெண். "அண்ணி வர்ற வரைக்கும் உக்காந்துக்கறேண்ணா. வந்ததும் எந்திரிச்சுடறேன்."

அவன் கால்களை ஒடுக்கி வழிவிட்டான்.

"எந்திரிக்க வேண்டாம்மா."

பரிசோதகரின் விரல் இன்னும் அழுத்தாமல் நின்றது. அப்போது ஜன்னல் நிறையக் கடல் வந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.