வெதுவெதுப்பான மண்

கடலுக்கு நடுவே புகைந்துகொண்டிருந்த ஒரு சின்ன எரிமலைத் தீவுக்கு, முட்டையிட இடம் தேடி ஓர் ஆலாப்பறவை வந்தது. கரையில் நின்ற நண்டு அதை மலைச்சரிவுக்கு அழைத்துப் போனது.

“இங்கேயே போடு தாயி. மண்ணு எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். நீ அடைகாக்கவே வேணாம்.”

பறவை மண்ணில் கால் வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டது. “பொசுக்குதே. இதுக்கு முன்னாடி இங்கே யாராவது போட்டாங்களா?”

“போன மாசம்கூட ஒருத்தி போட்டா. ஒரு குறை சொல்லலை.”

பறவை அலகால் மண்ணைக் கிளறியது. மூன்று முட்டை ஓடுகள் வந்தன. மூன்றும் வெளியிலிருந்து உடைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் வெந்த மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. நண்டின் கொடுக்கிலும் அதே மஞ்சள் காய்ந்திருந்தது.

“பாவி, புள்ளைங்களை வேக வெச்சுத் தின்னியா? உன் வீடு எங்கேடா?”

நண்டு கொடுக்கை வயிற்றுக்கடியில் மறைத்தது. பறவை அதன் கால்தடத்தைப் பார்த்தபடியே கரைக்குப் பறந்தது. அங்கே, அலை எட்டாத குளிர்ந்த மணலில் நண்டின் வளை இருந்தது. பறவை வளையின் வாயை அடைத்து உட்கார்ந்து முட்டையிட்டது.

நண்டு பதறி ஓடி வந்தது. “குஞ்சு பறக்கிற வரைக்கும் நான் எங்கே தங்குறது தாயி?”

பறவை அலகைக் கல்லில் தீட்டியது.